தொடுதிரைப் பொட்டியும் தூசியும்

இந்தத் தொடுதிரை ஆல்-இன்-ஒன் ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் என்று நினைக்கிறோம். 1983-லேயே ஹெச்பி-150 வந்தாகிவிட்டது. 9 அங்குலத் திரை, 8088 சிப், எம்எஸ்-டாஸ். விரலை உணர்ந்தது கண்ணாடி இல்லை. திரையின் சட்டத்தில் வரிசையாக ஓட்டைகள், அவற்றிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக அகச்சிவப்புக் கதிர்கள். விரல் எந்தக் கதிர்களை மறிக்கிறதோ அதுதான் தொட்ட இடம். ஓட்டையில் தூசி அடைந்தால் தொடுதல் படுத்துவிடும்! உறிஞ்சி எடுக்க வேண்டியதுதான். பாவம், சிப் என்ன செய்யும்?

2007-ல் அதே கம்பெனி விஸ்டாவோடு டச்ஸ்மார்ட் கொண்டுவந்தது. பிறகு பலரும் இறங்கினார்கள். ஒல்லியாக இருக்கவேண்டுமே, அதனால் பலவற்றில் உள்ளே மடிக்கணினி சாமான்கள்தான். முக்கியமாக நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்.

நாக்பூரில் எங்கள் வீட்டுப் பொட்டியும் (கம்பெனி பெயர் வேண்டாம்) அந்த ரகம். தொட்டால் யோசிக்கிறது. பையன் புதுசு கேட்கிறான். வங்கிகளில் கணினிக்கு ஆண்டுத் தேய்மானம் 33.33 சதவீதம், மூன்றே வருடத்தில் கணக்கு முடிந்தது. வீட்டில் அப்படி எழுதித் தள்ள முடியுமா? ஜூனில் அவனுக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு தூங்குகிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதம். ஆக, வியாதி திரையில் இல்லை. ஸ்டார்ட்டப்பில் வேண்டாததை நிறுத்தியதும் கொஞ்சம் மூச்சு விட்டது. மீதிக்கு எஸ்எஸ்டி வாங்கியாகிவிட்டது, ஞாயிறன்று மாற்றல். செய்கிறவர்கள் முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பின்மூடியைக் கழற்றத் திரையைக் கவிழ்க்கவேண்டும், கீழே போர்வை விரித்துக்கொள்ளுங்கள்.