கல்பனா

உதய சங்கர் என்றால், “சிதார் ரவிசங்கரின் அண்ணாதானே?” என்கிறார்கள் இன்று. ஒரு காலத்தில் அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. ரவிசங்கரைத்தான் உதய சங்கரின் தம்பி என்றார்கள்.

லண்டனுக்குச் சித்திரம் படிக்கப் போன அந்த வாலிபர், 1923-ல் ருஷ்ய நடன ராணி அன்னா பாவ்லோவாவுக்கு ராதை வேஷம் கொடுத்துத் தாம் கிருஷ்ணனாக ஆடினார். அப்போது எந்தக் குருவிடமும் அவர் முறையாக நாட்டியம் பயின்றதில்லை. சிற்பங்களையும் ஓவியங்களையும் நினைத்துக்கொண்டு ஆடினார். அமெரிக்கா சொக்கிப் போயிற்று. இதுதான் இந்தியா என்று நம்பிற்று. நம்ப வைத்தவருக்கு உள்ளூர உறுத்தியிருக்க வேண்டும். பிற்பாடு சங்கரன் நம்பூதிரியிடம் கதகளி கற்றார். அல்மோராவில் கலைக்கூடம் தொடங்கியபோது, பரதம் சொல்லிக் கொடுக்கக் கந்தப்பப் பிள்ளையை வரவழைத்தார். (அந்தக் கூடத்துக்கு உதவியவர்களில் டாரதி எல்ம்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கச் சீமாட்டியும் ஒருவர்!)

கூடம் மூடிய பிறகு சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் ஹிந்தியில் ‘கல்பனா’ படத்தை எடுத்தார். கே. ராம்நாத் ஒளிப்பதிவு. நடனமே கதை சொல்லும் படம். ஒரு கலைஞன் பட முதலாளியிடம் தன் கதையைச் சொல்கிறான். முதலாளி கேட்டுவிட்டுக் கையை விரிக்கிறார். தம் படத்துக்கு நேரப் போவதைப் படத்திலேயே சொல்லிவிட்டார் பாருங்கள்! வெளிநாட்டு மோகத்தையும் சமஸ்தானாதிபதிகளின் டாம்பீகத்தையும் அதில் கேலி செய்திருக்கிறார். மேல்நாட்டுக் கைதட்டலில் வளர்ந்தவர் செய்த கேலி என்பதால்தான் எனக்கு அதில் மதிப்பு.

படத்தில் ஒரு நடனம்: தொழிலாளர்கள் அசைந்து அசைந்து இயந்திரத்தின் உறுப்புகளாகவே ஆகிவிடுகிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வடலூருக்குத் திரும்பும் ஆட்களைத் தினமும் பார்க்கிற எனக்கு, அது வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

1948-ல் படம் வெளிவந்தது, பணம் வரவில்லை. அதே ஆண்டு அதே ஜெமினியின் ‘சந்திரலேகா’ முரசு நடனத்தோடு ஊரையே கலக்கிற்று. ‘கல்பனா’வை மறந்தார்கள். 2012-ல் அதைப் பழுது பார்த்துக் கான் திரைப்பட விழாவில் காட்டச் செய்தவர், மார்ட்டின் ஸ்கார்செஸி என்ற அமெரிக்க டைரக்டர். கதாநாயகியாக நடித்த, உதய சங்கரின் மனைவி அமலா சங்கர், தொண்ணூறைத் தாண்டிய வயதில் அங்கே போய்ப் பார்த்தார்.

அந்தப் படத்தில் ஆடிய பெண்களில் ஒருத்தி, அதன் மூலம் முதன்முதலாகத் திரைக்கு வந்தாள். நம் பத்மினிதான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அமெரிக்காவில் குடியேறி, நியூ ஜெர்ஸியில் நாட்டியப் பள்ளி நடத்தினார். அங்கே பிறந்து வளர்ந்த நம்மவர் பெண்களுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார்.