கடைசி வண்டியும் கைவிளக்கும்

இரயில் என்றால் இஞ்சின் ஓட்டுபவரையே உலகம் நினைக்கிறது. சரக்குப் பெட்டிகள் அத்தனைக்கும் பின்னே, கடைசி வண்டியில் கொடியும் விளக்குமாக நின்றவரை நினைப்பார் சிலரே. அவர்தாம் கூட்ஸ் கார்டு. பரீட்சை தேறி அவ்வுத்தியோகத்தில் புதிதாய் அமர்ந்தவரின் வரலாறு, மலாயாத் தமிழரின் கல்வி வரலாற்றோடு பிணைந்ததாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

சிலாங்கூரின் முதல் இரயில் பாதை 1886-ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. 1890-இல் பாலம் அமைந்தபின் வண்டி கிள்ளானை எட்டிற்று. 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதனைப் போர்ட் கிள்ளான் என்கிறோம். வெள்ளீயமும், எமக்கு முன்னிருந்த தோட்டக் கிராணிமார் நிறுத்துக் கணக்கெழுதிய ரப்பரும் இவ்வழியே கப்பலேறின. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக்காரர் ஊராயிற்று. மண் வெட்டிச் சரளை கொட்டித் தண்டவாளம் பதித்தவருள் தென்னாட்டுத் தமிழ்த் தொழிலாளர் பலர்.

புதிய கார்டு கற்ற முதற்பாடம் கொடியசைப்பதன்று, நடப்பதே. புறப்படுமுன் வண்டியின் நீளம் முழுவதும் நடந்து, பெட்டிகளை எண்ணி, கொக்கிகளையும் கதவுகளையும் சோதித்து, கடைசியில் சிவப்பு விளக்கை மாட்டவேண்டும். அவ்விளக்கு அலங்காரமன்று. அதைக் கண்ட பின்னரே, பெட்டி எதுவும் அறுந்து பின்தங்கவில்லை எனச் சிக்னல்காரர் துணிவார். அடுத்த வண்டிக்கு வழிவிடுவார். வழியில் வண்டி நின்றுவிட்டால், கார்டு பின்னோக்கி நடந்து, தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடிகளை வைத்து, பின்வரும் வண்டியைத் தடுக்கவேண்டும்.

பின்புறக் காவல் தவறினால் என்னாகும்? 1889-இல் அயர்லாந்தில் ஆர்மா நகரருகே, மேடேற மாட்டாது நின்ற பிரயாணிகள் வண்டியொன்றை இரண்டாகப் பிரித்தனர். பின்பகுதியைக் கைப்பிரேக்கு தாங்கவில்லை. அது சரிவில் உருண்டு, பின்வந்த வண்டியோடு மோதிற்று. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அதன்பின்னரே, பிரயாணிகள் வண்டி முழுவதையும் பற்றும் பிரேக்கு பிரிட்டிஷ் சட்டத்தால் கட்டாயமாயிற்று.

இத்துணைப் பெரிய பொறுப்பு எவர்க்குக் கிட்டிற்று? விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்க மிஷனரிமார் பள்ளிகள் கண்டனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலை எழுந்தது. அவ்வழி ஆங்கிலம் பரவிய நாட்டிலிருந்து வந்த இளைஞர் பலர் மலாயா இரயில்வேயின் எழுத்து வேலைகளிலும் நிலைய வேலைகளிலும் அமர்ந்தனர். தோட்டத்துப் பிள்ளைக்கோ? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்றது. ஆயினும் ஆங்கே கிட்டியது தமிழில் தொடக்கக் கல்வியே. தண்டவாளம் பதித்தவர் மகனுக்கும் கார்டின் விளக்குக்கும் இடையே நின்றது அறிவுக் குறையன்று, பள்ளிக் குறையே.

காலம் மாறிற்று. அமெரிக்காவில் 1980களில் கார்டு வண்டியின் இடத்தைக் கருவி பிடித்தது. பிரிக்பீல்ட்ஸில் பழைய இரயில் முற்றம் இருந்த இடத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. எனினும் அவ்வேலை கற்பித்த நீதி மாறவில்லை. சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கும் வண்டி, அதனை ஏந்திய கை எந்த ஜாதிக் கை என்று கேட்பதில்லை. அவ்விளக்கை ஏந்தத் தகுதி தரும் பள்ளிதான் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை.

ஆங்கிலம் கற்றுக் கிராணியான நாமும், இன்று எப்பரீட்சையேனும் தேறிய இளைஞரும், நமக்குக் கிடைத்த கல்வியைப் பின்வரும் பிள்ளைக்கும் கற்பிப்போமாக. பின்னாலிருப்பவர் அறுந்துபோகாது பார்ப்பவரே பொறுப்புள்ள கார்டு!