நஷ்டம் யார் தலையில்? (கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிக்கவும்)



போன வாரம் அம்பத்தூர் வெங்கடாபுரத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவனும் அவன் வகுப்புத் தோழர்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஒரு நாடகக் குழு ஆரம்பிக்கிறார்களாம். "சார், நீங்கதான் தலைவர். பேசாம உட்கார்ந்திருங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றான். பேசாமல் உட்காருவது எனக்கு வராத வேலை என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டு, பரணில் இருந்த எங்கள் பழைய சபாவின் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன். 1976 முதல் 1987 வரை நான் அதற்குப் பொருளாளர். நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாடகம் என்றால் எல்லோரும் நடிப்பையும் பாட்டையும் பேசுவார்கள். எனக்கு முதலில் தோன்றுவது வேறு கேள்வி. கூட்டம் வராத அன்று நஷ்டம் யார் தலையில் விழுகிறது? தமிழ் நாடகத்தின் நூற்றைம்பது வருட வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். பூந்தமல்லி, திருவள்ளூர், காஞ்சிபுரம் சுற்று வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைய உண்டு. அங்கே பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். கூத்துக் குழுவுக்கு 'ஜமா' என்று பெயர். அதை நடத்துகிறவர் 'வாத்தியார்'. (என்னை வாத்தியார் என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த வாத்தியார்கள் ஞாபகம்தான் வரும். அவர்கள் விடிய விடிய நின்றுகொண்டே பாடம் நடத்தியவர்கள்.) ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து நாள் குறிப்பார்கள். பணம் எங்கிருந்து? தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். பார்க்க வந்தாலும் கொடுக்க வேண்டும், வராவிட்டாலும் கொடுக்க வேண்டும். டிக்கெட்டே கிடையாது. அதனால் கூட்டம் குறைந்தது என்று ஜமாவுக்குக் கூலி குறையாது. நஷ்டம் என்று ஒன்று வந்தாலும் அது ஊர் முழுக்கப் பரவி, யாருக்கும் வலிக்காமல் போய்விடும். இந்த ஏற்பாட்டின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

டிக்கெட் போட்டு நாடகம் நடத்தும் கம்பெனிகள் வந்ததும் கதை மாறியது. கொட்டகை, சீன், படுதா, ஆர்மோனியம், ஊர் ஊராக ரயிலில் சாமான் ஏற்றிப் போவது என்று முதலாளி முன்பணம் போட வேண்டியதாயிற்று. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்க வரும் கூட்டத்துக்காகவே ரயில் விட்டார்கள், அதற்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் என்பார்கள். அப்படி வாழ்ந்தவர் கடைசிக் காலத்தில் வறுமையில் இருந்தார். சென்னையில் கன்னையா கம்பெனி 'தசாவதாரம்' போன்ற நாடகங்களைப் பிரமாண்டமான காட்சிகளோடு போட்டது. எஸ்.ஜி. கிட்டப்பா பேர் வாங்கியது அங்கேதான். இவையெல்லாம் முதலாளி தலையில் நிற்கிற கம்பெனிகள். முதலாளி சாய்ந்தால் எல்லாம் சாயும்.

நடிகர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. குடித்துவிட்டு மேடை ஏறுவது, பேசிய வசனத்தை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பேசுவது, பாதியில் வேறு கம்பெனிக்குப் போவது எல்லாம் இருந்தன. இதைப் பார்த்து அலுத்துத்தான் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் வழிக்கு வந்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஏற்பட்டது. 'ஸ்திரீ பார்ட்' நடிகரான கண்ணுசாமிப் பிள்ளை தன் மகன்களை அதில் சேர்த்தார். அவர்கள்தான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள். அதில் சண்முகம் 1912-ல் பிறந்தவர். சேர்ந்தபோது வயது ஆறு. நம் கணக்கில் ஒன்றாம் வகுப்பு.

நான் ஆசிரியன் என்பதால் இந்த இடத்தை என்னால் சுலபமாகக் கடந்து போக முடிவதில்லை. பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடமும் விடுதியும் தொழிற்சாலையும் சேர்ந்த ஒன்று. ஊருக்கு ஊர் ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்கள், அது 'கம்பெனி வீடு'. பையன்கள் எல்லோரும் அங்கேதான் படுக்கை, சாப்பாடு. அதிகாலையில் எழுப்பிப் பாட்டுப் பாடம், பகலில் வசனம், இரவில் நாடகம். அடியும் உண்டு. அதிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள்: எம்.ஜி.ஆர்., சிவாஜி, எம்.ஆர். ராதா, பி.யு. சின்னப்பா, நம்பியார், காளி என். ரத்தினம். நாற்பது வருடத் தமிழ் சினிமாவுக்கு ஆள் கொடுத்தது இந்தக் கம்பெனி வீடுகள்தான். உச்சரிப்பு சுத்தம், மனப்பாடம், மேடை பயமின்மை என்று நாங்கள் பள்ளியில் பத்து வருடம் சொல்லியும் வராதது அங்கே வந்தது.

ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத பையன்களை நான் நினைத்துப் பார்க்கிறேன். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் குரல் உடையும். நேற்று வரை பாலபார்ட் பாடிய பையன் இன்று பாட முடியாது. ராஜபார்ட் ஆக வளர்ந்தால் சரி, இல்லாவிட்டால்? எழுத்துப் படிப்பும் முழுசாக இல்லை, கைத்தொழிலும் இல்லை. வசூல் குறைந்த ஊரில் முதலாளி கடன் வாங்கினார் என்பது உண்மைதான். அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை, சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாமல் வேலை செய்த சிறுவர்களும் சுமந்தார்கள் என்பதும் உண்மை. சுவாமிகள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' எழுதிய மனிதர், பக்கவாதம் வந்த பிறகும் கம்பெனியோடேயே இருந்து 1922-ல் புதுச்சேரியில் காலமானவர். ஆனாலும் ஒரு ஆசிரியனாக எனக்கு அந்த ஆறு வயதுதான் உறுத்துகிறது.

டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். தாங்கள் பட்டதை மறக்காமல், ஒழுங்காகக் கணக்கு வைத்து நடத்தியவர்கள் என்று பேர். சண்முகம் அவ்வையாராக நடித்து 'அவ்வை சண்முகம்' என்றே ஆகிவிட்டார். சென்னையில் ராயப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் அவ்வை சண்முகம் சாலை என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். சினிமாப் பட்டத்தின் பேர் என்று நினைத்துவிடாதீர்கள்!

இவர்களுக்கெல்லாம் முன்பே, நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வேறு வழி கண்டுபிடித்தார். பம்மல் சம்பந்த முதலியார். பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் போனால் பம்மல் எவ்வளவு தூரம்? அவர் குடும்பத்தின் ஊர் அது. 1891 ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. (நம் ஆவடி வழியாக முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதும் ஒரு ஜூலை 1-தான், 1856-ல். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை, தேதி பாடம் நடத்தியே பழகிவிட்டது.) பெல்லாரியிலிருந்து வந்த ஒரு குழு விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் போட, அதில் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அந்த எண்ணமே வந்தது. 'கூத்தாடி' என்று நடிகனை இளக்காரமாகப் பேசிய காலத்தில் வக்கீல்களும் பட்டதாரிகளும் மேடை ஏறினார்கள். சத்தியமூர்த்தி நடித்திருக்கிறார். சம்பந்த முதலியாரே பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்.

அவர் செய்த மாற்றங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டு. விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி, சொன்ன நேரத்துக்குத் திரையைத் தூக்கியது ஒன்று. மற்றது சந்தா. உறுப்பினர் பணம் கட்டுவார், நடிக்கிறவர் சம்பளம் வாங்க மாட்டார். வயிற்றுப் பாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. அதாவது நஷ்டத்தைத் தாங்கக்கூடிய ஆட்களாகப் பார்த்து அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதில் ஒன்று நடந்துவிட்டது. சம்பளம் வாங்காமல் நடிப்பது கௌரவம் என்றால், வாங்கி நடிக்கிறவன்? தொழில் நடிகனை அது ஒரு படி கீழே இறக்கியது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் கீழே எழுதலாம்.

1931-ல் 'காளிதாஸ்' வந்தது, பேசும் படம். கம்பெனி நடிகர்கள் சினிமாவுக்குப் போனார்கள், கொட்டகைகளும் சினிமாவுக்குப் போயின. மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் மட்டும் பிழைத்தது. நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சேர்ப்பார்கள். நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம். சென்னைப் பக்கம் நிலைத்தது சம்பந்த முதலியாரின் வழிதான், சபாவும் சந்தாவும். கே. பாலசந்தர் ஏஜீஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். சோ, ஒய்.ஜி.பி., காத்தாடி ராமமூர்த்தி, பிறகு எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று வரிசை நீண்டது. ஆர்.எஸ். மனோகர் ஒருவர்தான் பழைய கம்பெனி பிரமாண்டத்தை 'இலங்கேஸ்வரன்' போன்றவற்றில் விடாமல் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

நம் அம்பத்தூர், ஆவடி பக்கம் இந்த அலை தொழிற்சாலைகளோடு வந்தது. டி.ஐ. சைக்கிள் 1949-ல் வந்தது. 1960-களில் ஆவடி டாங்கி ஃபாக்டரி, அம்பத்தூர் எஸ்டேட். எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வரும் வீடுகள். சந்தா வசூலிக்க இதைவிடத் தோதான மண் உண்டா? எங்கள் சபா 1976-ல் அப்படித்தான் பிறந்தது. மாதச் சந்தா 5 ரூபாய், மாதம் ஒரு நாடகம், ஒரு பள்ளியின் திறந்தவெளியில் மடக்கு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் வீடு வீடாகப் போவேன். "அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்குங்க சார்" என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். நாடகக் குழுவுக்கு 600 ரூபாய், வேன் வாடகை தனி, மைக் செட் தனி, கொசு இலவசம். போலீஸ் அனுமதிக்கு நாடகப் பிரதியும் கொடுக்க வேண்டும். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படும் 1954-ஆம் வருடச் சட்டம் அது. 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

1980-க்கு மேல் டிவி வீட்டுக்கு வீடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை படம். சந்தாதாரர் எண்ணிக்கை 310-லிருந்து 140-க்கு இறங்கியது. ஏதாவது புதிதாகச் செய்யலாம் என்று 1984-ல் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து கூத்து ஜமாவை அழைத்தோம். நானே போய் அச்சாரம் கொடுத்தேன். பேசியது 1,500 ரூபாய். அர்ச்சுனன் தபசு.

பன்னிரண்டு மணி வரை நன்றாகப் போயிற்று. பிறகு மழை. ஜனங்கள் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். ஜமாக்காரர்கள் வேஷத்தோடு பள்ளி வராந்தாவில் ஒதுங்கி, மழை விட்டதும் ஆடத் தயாராக நின்றார்கள். ஆட்கள் இல்லை. எங்கள் கமிட்டி அங்கேயே கூடி, "பாதி ராத்திரிதானே ஆடினார்கள்" என்று 900 கொடுக்க முடிவு செய்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

வாத்தியார் எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சண்டை போடவில்லை. கூத்துப் பெட்டியின் மேல் பணத்தை வைத்து, என் கண் முன்னாலேயே பங்கு பிரித்தார். ஆடியவர்களுக்கு, முகவீணைக்கு, மிருதங்கத்துக்கு, தாளத்துக்கு, பெட்டிக்கு என்று. தன் பங்கு வரும்போது கையில் இருந்தது மிகவும் குறைவு. நெற்றியில் அரிதாரம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. "மழை எங்க மேலயும்தான் சார் பெஞ்சுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'கூத்து ஜமா பாக்கி ரூ. 600' என்று எழுதினேன். கமிட்டிக்குத் தெரியாது. அடுத்த சந்தா வசூலில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் மைக் செட்காரருக்குப் போயிற்று. 1987-ல் சபாவை மூடினபோது மீதி இருந்தது 85 ரூபாய். என் கைப்பணத்தில் கொடுத்திருக்கலாம். அப்போது எனக்கு மாதம் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. பல வருடம் கழித்து அந்த ஊருக்குப் போனேன். வாத்தியார் காலமாகி நாளாயிற்று என்றார்கள். அவர் பேரன் ஆடுகிறானாம், ஆடாத மாதங்களில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறானாம். அன்று அவனைப் பார்க்க முடியவில்லை.

நேற்று அந்த மாணவனுக்குப் போன் செய்தேன். தலைவர் பதவி வேண்டாம், பொருளாளராக வருகிறேன் என்றேன். "சார், இந்த வயசுல கணக்கு எதுக்கு?" என்று சிரித்தான். முதல் நிகழ்ச்சி உங்கள் நாடகம் அல்ல, ஒரு கூத்து. டிக்கெட் கிடையாது, நம் பழைய மாணவர்கள் தலைக்கட்டு வரி மாதிரி ஆளுக்கு இவ்வளவு என்று முன்னாலேயே போட வேண்டும். பேசிய தொகை முழுவதும் வேஷம் கட்டுவதற்கு முன்பே பெட்டி மேல் இருக்க வேண்டும் என்றேன். அதோடு 1984-ஆம் வருடத்து 600-ஐ இன்றைய மதிப்புக்கு எவ்வளவு என்று பேங்கில் வேலை பார்க்கும் யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அது என் கணக்கு, வசூலில் சேராது.

வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். அந்தப் பேரனையும் அழைத்துவர ஒருவன் பூந்தமல்லி போயிருக்கிறான். வருகிறவர்கள் கீழே பெயரைப் போடவும். எத்தனை பேருக்கு டீ என்று உங்கள் டீச்சரம்மாவுக்கு இன்றே சொல்ல வேண்டும்.