டுவார்ட்டே ரோட்டரி சங்கம்

டுவார்ட்டே ரோட்டரி சங்கம் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள டுவார்ட்டே என்னும் சிறு நகரைச் சேர்ந்த சேவைச் சங்கம் ஆகும். உலக ரோட்டரி இயக்கத்தில் பெண்கள் உறுப்பினராவதற்கு வழி திறந்த வழக்கு இச்சங்கத்தினுடையது.

பின்னணி

ரோட்டரியை 1905ஆம் ஆண்டு சிகாகோவில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் தொடங்கினார். உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூட்டம் நடந்ததால், சுழல்வது என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது. வாரந்தோறும் கூட்டம், விருந்தினர் உரை, ஊர்ப்பணி ஆகியவை ரோட்டரி சங்கங்களின் வழக்கம். ஆனால் விதிப்படி ஆண்கள் மட்டுமே சேர முடிந்தது.

வழக்கு

உறுப்பினர் எண்ணிக்கை குறைந்திருந்த டுவார்ட்டே சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1978இல் பன்னாட்டு ரோட்டரி அதன் அங்கீகாரத்தை நீக்கியது. சங்கம் கலைந்துவிடவில்லை. ‘முன்னாள் ரோட்டரி சங்கம்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு தொடர்ந்து கூடியது, நீதிமன்றத்தையும் நாடியது. யாரைச் சேர்ப்பது என்பது தன் உரிமை என்று பன்னாட்டு அமைப்பு வாதிட்டது.

1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டுவார்ட்டே சங்கத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பலரும் வந்து சேரும் இத்தகைய சங்கங்களைக் குடும்ப உறவு போன்ற தனிப்பட்ட உறவாகக் கருத முடியாது, பெண்களைச் சேர்ப்பதால் சேவைப் பணிக்குத் தடை ஏற்படாது என்பன தீர்ப்பின் சாரம்.

விளைவு

அதே ஆண்டில் பள்ளி முதல்வரான சில்வியா விட்லாக் இச்சங்கத்தின் தலைவரானார். 1989இல் ரோட்டரியின் விதி மாற்றப்பட்டு, எல்லா நாடுகளிலும் பெண்கள் சேர இடம் கிடைத்தது. டுவார்ட்டே சங்கம் நீக்கப்பட்டு 44 ஆண்டுகள் கழிந்து, 2022இல் கனடாவைச் சேர்ந்த ஜெனிபர் ஜோன்ஸ் பன்னாட்டு ரோட்டரியின் முதல் பெண் தலைவராகப் பொறுப்பேற்றார்.