நிலைக்குத்தாக எழுந்த போர் விமானங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஓடுபாதையின்றி வானேறும் போர் விமானத்தை ஆக்கும் முயற்சி தொழில்நுட்ப ஆர்வத்தினால் மட்டும் பிறந்ததன்று, அச்சத்தினாலும் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் பெருகிய ஜெற் போர் விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதைகள் இன்றியமையாதனவாயின. அணுக்குண்டு யுகத்தில் அவ்வோடுபாதைகளே பகைவனின் முதல் இலக்காகும் என்பதை 1950களில் மேற்கு நாட்டுப் படைத்துறையினர் உணர்ந்தனர். ஓடுபாதை அழிந்தால், விமானம் எத்துணைச் சிறந்ததாயினும் பயனற்றதே.

சாதாரண விமானத்தின் நிறையை அதன் இறக்கைகள் தாங்குகின்றன. ஆகவே நிறையிலும் குறைந்த உந்துவிசையே அதற்குப் போதுமானது. நிலைக்குத்தாக எழும் விமானத்திலோ உந்துவிசை நிறையை விஞ்சுதல் வேண்டும். அன்றியும், முன்னோக்கிய வேகம் இல்லாதபோது சுக்கான் முதலியன பயன்படா. இவ்விடர்களைக் கடக்க மூன்று வழிகள் நாடப்பட்டன.

முதலாவது, விமானத்தையே செங்குத்தாக நிமிர்த்துதல். ஐக்கிய அமெரிக்காவின் றயன் எக்ஸ்-13, 1957 ஏப்ரில் 11இல் நிலைக்குத்தாக எழுந்து, கிடையாகப் பறந்து, மீண்டும் நிலைக்குத்தாக இறங்கியது. பிரான்சின் கொலியோப்ரேர் 1959 யூலை 25இல் வீழ்ந்து நொறுங்க, விமானி படுகாயமுற்றார். வானை நோக்கிக் கிடக்கும் விமானி தன் முதுகுப்புறமாக இறங்கவேண்டியிருந்தமையே இம்முறையின் அடிப்படைக் குறையாகும்.

இரண்டாவது வழி, தூக்குவதற்கெனத் தனி எஞ்சின்களைப் பொருத்துதல். ஜெற் உந்துவிசையாலேயே ஒரு பொறியை அந்தரத்தில் நிறுத்தலாம் என்பதை, ‘பறக்கும் கட்டில்’ எனப்பட்ட றோல்ஸ் றோய்ஸ் சோதனைப் பொறி 1954 ஓகஸ்ட் 3இல் நிறுவியிருந்தது. அதன்பின் வந்த பிரித்தானியாவின் ஷோர்ட் எஸ்.சீ.1 தூக்குவதற்கு நான்கு எஞ்சின்களையும் முன்செல்ல ஒன்றையும் கொண்டிருந்தது. பிரான்சின் மிறாஜ் 3வீ எட்டுத் தூக்கு எஞ்சின்களைச் சுமந்தது. 1966இல் அது ஒலியைப் போல இருமடங்கு வேகத்தை எட்டியது. ஆயினும் வானேறியபின் அவ்வெட்டும் வெறுஞ்சுமையாயின. எரிபொருளுக்குரிய இடத்தையும் அவை கவர்ந்தன. அதன் முன்னோடியான பல்சாக் இரு விபத்துகளில் இரு விமானிகளைப் பலிகொண்டது.

மூன்றாவது வழி எளிமையானது. தூக்குவதும் செலுத்துவதும் ஒரே எஞ்சினின் பணியாதல் வேண்டும் என்பதே அது. பிரெஞ்சுப் பொறியியலாளர் மிஷேல் விபோவின் கருத்தைப் பிரிஸ்டல் நிறுவனத்தார் திருத்தி, திரும்பக்கூடிய நான்கு வெளியேற்று வாய்கள் கொண்ட பெகாசஸ் எஞ்சினை ஆக்கினர். அதனைத் தாங்கிய ஹோக்கர் பீ.1127, கயிறுகளாற் பிணிக்கப்பட்ட நிலையில், 1960 ஒக்ரோபர் 21இல் முதன்முறையாக நிலத்தை விட்டெழுந்தது.

எனினும் நேட்டோ அமைப்பு நாடியது ஒலியை விஞ்சும் வேகத்தையே. அவ்வேகத்திற்கென வரையப்பட்ட பீ.1154 திட்டம் 1965இல் கைவிடப்பட்டது. மிறாஜ் 3வீயும் சேவைக்கு வரவில்லை. கிடைப்பறப்பில் ஒலியை விஞ்சவியலாத பீ.1127இன் வழிவந்த ஹரியரே 1969இல் பிரித்தானிய விமானப்படையிற் சேர்ந்தது. அதுவும் முழுச்சுமையுடன் நிலைக்குத்தாக எழவல்லதன்று. சிறிது தூரம் ஓடியெழுந்து, சுமை குறைந்தபின் நிலைக்குத்தாக இறங்குவதே அதன் வழக்கமாயிற்று.

இவ்வகையில், அச்சம் கேட்டவை அனைத்தையும் தரமுயன்ற விமானங்கள் காட்சிச்சாலைப் பொருள்களாயின அன்றேல் சிதைந்தன. வேகத்தில் ஒரு பங்கையும் மூலக்கனவில் ஒரு பங்கையும் துறந்ததே நிலைத்தது. வல்லமையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் தொழில்நுட்ப வரலாறு இவ்வுண்மையைக் காணத் தவறிவிடும்.