தியாகச் சிகரத்துக்குப் பிறகு

லூயிஷாமில் நாங்கள் ஐந்து பேர் ஓர் அறையில் கிடந்த காலத்தில், சென்னையிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வந்து சேர்ந்தன. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர் பகலில் படித்தார். பகல் வேலைக்குப் போனவர் இரவில் படித்தார். ஊரில், வார இதழிலிருந்து கிழித்துச் சணலால் கட்டிய கட்டுகளில் முன்னரே படித்த கதைதான். ஆனாலும் ஐந்தாம் பாகம் கையிலிருந்தவர் கடைசி அத்தியாயங்களை இழுத்தடித்தார்.

"அண்ணை, இன்னும் முடிக்கேல்லையோ?"

"முடிச்சிட்டுப் பிறகென்ன செய்யிறது?"

இந்தத் துயரம் எங்களோடு தொடங்கியதல்ல. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கிய தொடர் 1954 மே மாதத்தில் முடிந்தபோது, கதை திடீரென நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டு எழுதினார்கள். மூன்றரை ஆண்டுகள் வந்தியத்தேவனோடு குதிரையில் போனவர்களால் சட்டென்று இறங்க முடியவில்லை. கல்கி ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது. பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று அதில் சொன்னார். முழுக் கற்பனைக் கதையைப்போலச் சரித்திரக் கதையை முற்றாக முடித்துவிட இயலாது என்பதும் அவர் வாதம். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவரே காலமானார். பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை இதன் தொடர்ச்சியாகவே எழுதினார்.

எங்களுக்கு இந்தப் புத்தகத்தை மூடக் கூடுதலான தயக்கம் இருந்தது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி வந்தியத்தேவனை ஏற்றிப் படகு வலித்த அதே கடலைத்தான், 1983க்குப் பிறகு நம்மவர்கள் எதிர்த்திசையில் கடந்தார்கள். கடலுக்கு அப்பால் கல்கி காட்டும் இளவரசன் அருள்மொழி, போர்க்களத்திலும் குடிமக்களுக்குத் தீங்கு செய்யாதவன். அநுராதபுரத்தில் இடிந்த விகாரைகளைத் திருத்துபவன். பிக்குகள் கொடுத்த ஈழத்துச் சிம்மாசனத்தை மறுப்பவன். கடைசியில் சோழ மகுடத்தையும் சிற்றப்பன் தலையில் சூட்டுகிறான். ஆயுதம் வைத்திருந்தவர்களை நாங்கள் அறிந்த விதத்தில், இப்படியொருவனை விட்டுவிட்டு வேலைக்குப் போவது கடினமாகவே இருந்தது.

அந்தத் தியாகம் வெறுங் கற்பனையல்ல. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, சிற்றப்பன் ஆள விரும்பும்வரை தான் அரசை விரும்பவில்லை என்று அருள்மொழி இருந்ததைச் சொல்கிறது. ஆனால் அதே செப்பேடு, அவன் படை கப்பலேறிக் கடல் கடந்து இலங்கை வேந்தனை எரித்ததென்று, இராமனுக்கும் மேலாக வைத்துப் புகழ்கிறது. 985இல் இராசராசன் என்று முடிசூடியவனின் படைகள், ஏறத்தாழ 993இல் ஈழத்தின் வடபகுதியைப் பிடித்தன. அநுராதபுரம் அழிந்தது; பொலநறுவை சோழரின் தலைநகராயிற்று. விகாரையைத் திருத்திய கதை இளவரசன்தான் அந்த அரசன்.

கல்கி இதை அறியாதவரல்லர். அவர் கதையை நிறுத்திய இடத்தைப் பார்த்தால், வாசகர்கள் கேட்ட 'பிறகு' எவ்வளவு கனமானது என்பது விளங்கும். மகுடத்தைக் கொடுத்தவன் கைகள் சுத்தமாக இருக்கும்போதே கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட நாங்களும் விரும்பினோம். கதை முடிந்த துக்கம் என்று நாங்கள் நினைத்ததில் பாதி, அடுத்துவரும் சரித்திரத்தைப் பார்க்க விரும்பாத மனந்தான்.

நாவலில் மகிந்தன் உரோகணத்துக்கு ஓடி ஒளிந்த பகையரசன். அவனைப்பற்றி நாங்கள் கவலைப்பட்டதேயில்லை. சூளவம்சம் அவன் கதையை முடித்துவைக்கிறது. ஏறத்தாழ 1017இல், இராசேந்திரன் காலத்தில், அவனைச் சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயிருந்து, நாடு திரும்பாமல் இறந்தான்.

இதைப் படித்த நாளில் எங்கள் அறையிலும் சிலருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஐந்தாம் பாகத்தை மீண்டும் கையில் எடுத்தோம். இப்போதும் கடைசிப் பக்கத்தில் மனம் கனக்கிறது. வந்தியத்தேவனுக்காக மட்டுமல்ல.