பயோமெடிக்கல் சயின்ஸ் டிகிரி மட்டும் போதுமா? பிரிட்டனில் மருத்துவமனை லேப் பயிற்சி ஏன் இவ்வளவு முக்கியம்?

2024 ஜூன் 3-ம் தேதி. லண்டனின் சில பெரிய மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் திடீரென தள்ளிவைக்கப்பட்டன. டாக்டர்கள் இருந்தார்கள், நர்ஸ்கள் இருந்தார்கள், ஆபரேஷன் தியேட்டரும் தயார். முடங்கிப்போனது லேப். கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ், கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைகளுக்குப் பரிசோதனைகளைச் செய்துகொடுக்கும் சின்னோவிஸ் நிறுவனத்தின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கியிருந்தார்கள்.

நோயாளியின் ரத்தத்தோடு தானமாக வந்த ரத்தம் பொருந்துமா என்று வழக்கமான வேகத்தில் பார்க்க முடியவில்லை. அதனால் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றக்கூடிய ஓ வகை ரத்தம் கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்த வகை ரத்தம் உள்ளவர்கள் தானம் செய்ய முன்வர வேண்டும் என்று பொது வேண்டுகோளே விடுக்கப்பட்டது. 10,000-க்கும் மேற்பட்ட வெளிநோயாளர் அப்பாயின்ட்மென்ட்கள் தள்ளிப்போயின. ஒரு நோயாளியின் மரணத்துக்கு ரத்தப் பரிசோதனை முடிவு தாமதமானதும் ஒரு காரணம் என்று கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை தரப்பு 2025-ல் உறுதிப்படுத்தியது.

நோயாளிகள் நேரில் பார்க்காத அந்த லேபில் வேலை செய்பவர்களை பிரிட்டனில் 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' என்று அழைக்கிறார்கள். அந்த வேலைக்கான படிப்புதான் பயோமெடிக்கல் சயின்ஸ். நம் ஊர் மாணவர்களும் இந்தப் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் டிகிரி வாங்கினாலே லேபில் வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல்.

முதலில், இது எஞ்சினியரிங் இல்லை

தமிழ்நாட்டில் 'பயோமெடிக்கல்' என்றாலே பலருக்கு பி.இ. பயோமெடிக்கல் எஞ்சினியரிங்தான் ஞாபகம் வரும். அது வென்டிலேட்டர், ஸ்கேன் மெஷின் போன்ற மருத்துவக் கருவிகள் பற்றிய படிப்பு. பயோமெடிக்கல் சயின்ஸ் வேறு. ரத்தம், சிறுநீர், சளி, திசு ஆகியவற்றைப் பரிசோதித்து உடலுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பது பற்றியது. நம்மிடம் இதற்கு நெருக்கமான படிப்பு பி.எஸ்சி. எம்.எல்.டி. இலங்கையில் யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டப்படிப்பும் இதே வகைதான்.

இங்கிலாந்தில் இது பொதுவாக மூன்று ஆண்டுப் படிப்பு. நடுவில் ஓராண்டு மருத்துவமனை லேபில் பயிற்சி எடுத்தால் நான்கு ஆண்டு. அந்த ஓராண்டைத்தான் 'பிளேஸ்மென்ட்' என்கிறார்கள். நம் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் என்றால் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை வாங்குவது. அங்கே அதற்குப் பொருள் பயிற்சி. இந்த ஒரு சொல் குழப்பத்தாலேயே, கல்லூரியே வேலை வாங்கித் தரும் என்று நினைத்துச் சேருபவர்கள் உண்டு.

டிகிரிக்கும் லைசென்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

பிரிட்டனில் 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். எச்.சி.பி.சி. எனப்படும் ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே அப்படி அழைத்துக்கொள்ளலாம். பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். அந்தப் பதிவேட்டில் ஒருவரின் பெயர் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

அந்தப் பதிவேட்டில் இடம்பிடிக்க, அங்கே படிப்பவர்களுக்கு இரண்டு வழி.

ஒன்று, எச்.சி.பி.சி.யே அங்கீகரித்த டிகிரி. 'அப்ளைடு பயோமெடிக்கல் சயின்ஸ்', 'ஹெல்த்கேர் சயின்ஸ்' போன்ற பெயர்களில் இருக்கும். லேப் பயிற்சி படிப்போடு சேர்ந்தே வரும். முடித்தவுடன் நேராகப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, ஐ.பி.எம்.எஸ். எனப்படும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பயோமெடிக்கல் சயின்ஸ் அங்கீகரித்த டிகிரி. இது 1912-ல் லேப் உதவியாளர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்த அமைப்பு. இந்த டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு எச்.சி.பி.சி.யில் பதிய முடியாது. ஐ.பி.எம்.எஸ். பயிற்சி அனுமதி பெற்ற லேபில் வேலை பழகி, 'ரெஜிஸ்ட்ரேஷன் டிரெய்னிங் போர்ட்ஃபோலியோ' என்ற தொகுப்பை முடித்து, தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் பதிவு.

பல்கலைக்கழக விளம்பரத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட படிப்பு' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் யார் அங்கீகரித்தது, எதற்கு அங்கீகரித்தது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அந்த ஓராண்டில் லேபில் என்ன நடக்கும்?

உள்ளே போவதற்கு முன்பே சில சோதனைகள் உண்டு. குற்றப் பின்னணி சரிபார்ப்பு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாச்சா என்ற உடல்நலச் சரிபார்ப்பு, பாதுகாப்புப் பயிற்சி. அதன் பிறகு பிரிவு பிரிவாகப் பழக வேண்டும். பயோகெமிஸ்ட்ரி, ரத்தவியல், ரத்தம் ஏற்றும் பிரிவு, நுண்ணுயிரியல், திசு ஆய்வு என்று ஒவ்வொன்றும் தனி உலகம். திசு ஆய்வில் ஃபார்மலினில் வந்த திசுத் துண்டை மெழுகில் பதித்து, மயிரிழையை விட மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் புற்றுநோயா இல்லையா என்று மருத்துவர் முடிவு சொல்வார். நுண்ணுயிரியல் பிரிவில் கிருமியை வளர்த்து, எந்த ஆன்டிபயாடிக் அதைக் கொல்லும் என்று பார்ப்பார்கள்.

வகுப்பறையில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். அது சந்தேகப்படும் பழக்கம்.

ஒரு உதாரணம். ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு என்று மெஷின் காட்டுகிறது. பொட்டாசியம் அந்த அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பே குழம்பிப் போகலாம். உடனே வார்டுக்குப் போன் போட வேண்டுமா? அனுபவம் உள்ளவர் முதலில் சாம்பிளைப் பார்ப்பார். ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. என்ற பொட்டாசியம் உப்பு இருக்கும். நம்ம ஊர் லேபிலும் ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. டெஸ்டுக்கு இந்த ட்யூபில்தான் ரத்தம் எடுப்பார்கள். அந்த உப்பு கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வார்டில் யாரோ அவசரத்தில் ஊதா ட்யூபில் இருந்த ரத்தத்தை மஞ்சள் மூடி ட்யூபில் கொஞ்சம் ஊற்றிவிட்டால், பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். நோயாளிக்கு ஒன்றும் இல்லை, பிரச்சினை ட்யூபில். இது தெரியாமல் ரிப்போர்ட் அனுப்பினால், இல்லாத நோய்க்கு மருந்து ஏறும். சிரிஞ்சில் வேகமாக உறிஞ்சி ரத்த அணுக்கள் உடைந்துபோனாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு துப்பு இருக்கிறது. அணுக்கள் உடைந்திருந்தால் சீரம் சிவப்பாகத் தெரியும். இ.டி.டி.ஏ. கலந்திருந்தால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது.

மெஷின் நம்பரைக் கொடுத்துவிடும். அந்த நம்பரை நம்பலாமா என்று சொல்ல ஆள் வேண்டும். நேற்று வந்த அளவோடு இன்றைய அளவை ஒப்பிட்டு, ஒரே நாளில் ஏன் இவ்வளவு மாற்றம் என்று கேட்பதும் அந்த ஆளின் வேலைதான்.

ரத்தம் ஏற்றும் பிரிவில் கெடுபிடி இன்னும் அதிகம். ஏ வகை, பி வகை மாறிப்போனால் உயிரே போகலாம். லேபில் தவறு இல்லாவிட்டாலும், வார்டில் ஒருவரின் ரத்தத்தை எடுத்து இன்னொருவரின் பெயரை ஒட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் அந்த நோயாளியின் ரத்த வகை ஏற்கெனவே பதிவில் இல்லையென்றால், தனியாக எடுத்த இரண்டாவது சாம்பிளைக் கேட்பார்கள். லேபிளில் பிறந்த தேதி தவறாக இருந்தால் திருத்தித் தரக்கூட விட மாட்டார்கள். புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். வார்டில் இருந்து கோபமாகப் போன் வரும். அந்தப் போனில் குரல் உயர்த்தாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசப் பழகுவதும் பயிற்சிதான். இப்படிப்பட்ட ரத்தமேற்றல் தவறுகளைத் தொகுத்து ஆராய 'ஷாட்' என்ற திட்டமே பிரிட்டனில் 1996 முதல் இயங்கி வருகிறது.

இதையெல்லாம் செய்தால் மட்டும் போதாது, செய்ததற்கு ஆதாரமும் வேண்டும். எச்.சி.பி.சி. வகுத்த ஒவ்வொரு தகுதிக்கும், தான் செய்த வேலை, எழுதிய குறிப்பு, பயிற்சியாளர் கையெழுத்து என்று போர்ட்ஃபோலியோவில் சேர்க்க வேண்டும். கடைசியில் வேறு லேபைச் சேர்ந்த ஒரு வெரிஃபையர் வந்து சரிபார்ப்பார். வழக்கமாக, பயிற்சி பெற்றவரே அவரை லேபைச் சுற்றிக் காட்டி விளக்க வேண்டும். மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இடம் ஏன் கிடைப்பதில்லை?

படிப்பில் சேருவது எளிது, பயிற்சி இடம் கிடைப்பது கஷ்டம். பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு வகுப்பிலேயே ஏராளமான மாணவர்கள். ஒரு லேப் எடுப்பதோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பேரை. லேபில் பயிற்சி கொடுப்பவருக்கு அது மட்டுமே வேலை இல்லை. தினமும் வந்து குவியும் சாம்பிள்களுக்கு நடுவில்தான் மாணவருக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவமனை லேப்களை 29 நெட்வொர்க்குகளாக இணைக்கும் திட்டத்தை 2017-ல் அறிவித்தார்கள். ஒரு பெரிய மைய லேப், அதைச் சுற்றிச் சிறிய லேப்கள் என்ற அமைப்பு. இப்படி மாறும்போது, சிறிய மருத்துவமனையில் எல்லாப் பிரிவும் இருக்காது. மாணவர் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பழகுவது சிரமமாகிறது.

அதனால் பல பல்கலைக்கழகங்களில் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடும். கிடைக்காதவர்கள் மூன்று ஆண்டில் டிகிரியை முடித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

அவர்களில் பலர் லேபுக்குள் நுழைவது உதவியாளராக. சாம்பிளைப் பதிவு செய்வது, மெஷினில் ஏற்றுவது போன்ற வேலை. சம்பள வித்தியாசத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறையான என்.எச்.எஸ்.-ல் 2025-26 கணக்குப்படி, பதிவு பெற்ற பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் தொடங்கும் பேண்ட் 5-ன் ஆரம்ப ஆண்டுச் சம்பளம் 31,049 பவுண்டு. உதவியாளர்கள் பலர் தொடங்கும் பேண்ட் 2-ல் 24,465 பவுண்டு. டிகிரி இருவருக்கும் ஒன்றுதான்.

உதவியாளராகச் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது என்று இல்லை. பயிற்சி அனுமதி உள்ள லேபாக இருந்து, மேலாளர் ஒத்துக்கொண்டால், வேலை பார்த்துக்கொண்டே போர்ட்ஃபோலியோவை முடிக்கலாம். ஆனால் எப்போது வாய்ப்பு வரும் என்பது நம் கையில் இல்லை.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

இங்கே பி.எஸ்சி. முடித்துவிட்டு, அங்கே ஓராண்டு எம்.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்கலாம் என்பது அடிக்கடி சொல்லப்படும் யோசனை. எம்.எஸ்சி. நல்ல படிப்பாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் எச்.சி.பி.சி. பதிவைக் கொடுத்துவிடாது. பதிவுக்கான கணக்கு இளநிலைப் பட்டத்திலிருந்தே தொடங்குகிறது. வெளிநாட்டு டிகிரியை ஐ.பி.எம்.எஸ். மதிப்பிட்டு, விடுபட்ட பாடங்களைக் கூடுதலாகப் படிக்கச் சொல்லலாம். அதற்கு மேல் போர்ட்ஃபோலியோ.

இங்கேயே எம்.எல்.டி. முடித்து மருத்துவமனை லேபில் சில ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. எச்.சி.பி.சி.யின் சர்வதேச வழியில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். படித்த பாடத்திட்டத்தையும் பார்த்த வேலையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கி இன்னொரு டிகிரிக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. கன்சல்டன்சிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. அட்மிஷன் போட்டால்தானே அவர்களுக்குக் கமிஷன்?

மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு, பயிற்சி என்பது கோர்ஸின் ஒரு அங்கமாகவே இருக்க வேண்டும். விசா மூன்று ஆண்டுக்கு மட்டும் என்றால், நடுவில் நான்காவது ஆண்டைச் சேர்ப்பது பற்றிப் பல்கலைக்கழகத்திடம் சேருவதற்கு முன்பே பேசியாக வேண்டும். பயிற்சி ஆண்டில் சம்பளம் உண்டா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சில லேப்கள் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. லண்டன் மாதிரி ஊரில் ஓராண்டு சம்பளமில்லாமல் வாடகை கட்டுவது சின்ன விஷயம் இல்லை.

சேருவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். இந்த டிகிரி எச்.சி.பி.சி. பட்டியலில் இருக்கிறதா, ஐ.பி.எம்.எஸ். பட்டியலில் மட்டும் இருக்கிறதா? போன ஆண்டு எத்தனை பேர் மருத்துவமனைப் பயிற்சி கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? பயிற்சி இடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யுமா, நாமே தேட வேண்டுமா? முதல் கேள்விக்கான பதிலை எச்.சி.பி.சி., ஐ.பி.எம்.எஸ். இணையதளங்களிலேயே சரிபார்க்கலாம். மற்றவற்றுக்கு எண்ணிக்கையோடு பதில் வராமல் 'எங்கள் மாணவர்களுக்கு அருமையான வாய்ப்புகள் உண்டு' என்று மட்டும் வந்தால், அதே கேள்வியை இன்னொரு முறை அனுப்புங்கள்.